குற்றப்பத்திரிகை எட்டும் தூரம்

(சாங்கியில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் அரசாங்கம் தன் ஆட்களை ஏவி இன்னொரு நாட்டின் கணினிகளுக்குள் புகுந்து திருடுகிறது. திருட்டுக் கொடுத்த நாடு அந்த ஆட்களின் மேல் குற்றவியல் வழக்குப் போடுகிறது. பெயர், படம், பதவி எல்லாம் உலகுக்குத் தெரிகின்றன. இதற்குப் பயந்து அடுத்த திருட்டு நிற்குமா? இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிற்காது. வழக்கு ஏவியவரைத் தொடுவதில்லை. ஏவப்பட்டவரை, அதுவும் அவர் தன் நாட்டை விட்டு வெளியே காலடி வைத்தால்தான் தொடுகிறது. அப்படியானால் வழக்கே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். எதற்காக வேண்டும் என்பதைக் கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்ல முடியும்.

இதைச் சாங்கியில் பேசுவது பொருத்தம். இங்கே விமான நிலையம் இருக்கிறது, சிறைச்சாலை வளாகம் இருக்கிறது. எல்லை தாண்டிய குற்றத்தில் சட்டத்தின் கை நீளுவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான். மூன்றாவதாக, சோமப்பா சாலையில் சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஐடிரஸ்ட் என்ற ஆய்வு மையத்தில், நிஜமாகவே இயங்கும் ஒரு சின்ன நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை எப்படியெல்லாம் தாக்க முடியும், எப்படிக் காக்க முடியும் என்று 2015 முதல் சோதித்து வருகிறார்கள். அந்த மூன்றாவது இடத்தைப் பற்றிப் பேச்சின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

முதலில் 2018க்குப் போவோம்.

அந்த ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, சிங்ஹெல்த் குழுமத்தின் நோயாளர் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் பேரின் விவரங்கள் திருடப்பட்டுவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி, பாலினம், இனம். அவர்களில் ஏறத்தாழ 160,000 பேர் வாங்கிய மருந்துகளின் பட்டியலும் போய்விட்டது. 2015 மே மாதத்திலிருந்து 2018 ஜூலை 4 வரை சிறப்பு வெளிநோயாளர் பிரிவுகளுக்கும் பலதுறை மருந்தகங்களுக்கும் போய்வந்தவர்கள் இவர்கள். நம் சாங்கி பொது மருத்துவமனை அந்தக் குழுமத்தைச் சேர்ந்தது. பிடோக், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பலதுறை மருந்தகங்களும் அப்படித்தான். இந்த அரங்கில் இருக்கும் பலருக்கு அப்போது கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும்.

ஊடுருவியவர்கள் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களைக் குறிவைத்து, திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். பணம் பறிக்க வந்தவன் ஒரு நாட்டின் பிரதமர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தேடிக்கொண்டிருக்க மாட்டான். அதைத் தெரிந்துகொள்ள விரும்புவது இன்னோர் அரசாங்கமாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே பலர் பேசிக்கொண்டார்கள்.

முன்னாள் தலைமை மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் பொது அறிக்கை 2019 ஜனவரி 10 அன்று வெளியானது. பொறுமையாகப் படிக்க வேண்டிய ஆவணம் அது. 2017 ஆகஸ்டிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு பணியாளரின் கணினியில் கால் பதித்து, அங்கிருந்து மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, தரவுத்தளத்தின் வாசல் வரை வந்திருக்கிறார்கள். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை அள்ளியிருக்கிறார்கள். 'பாஸ்வர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லிலேயே இரண்டு எழுத்துகளை மட்டும் மாற்றி மறைச்சொல்லாக வைத்திருந்த ஒரு நிர்வாகிக் கணக்கும் அங்கே இருந்தது. வந்தவர்கள் திறமைசாலிகள்தான், ஆனால் தடயமே விடாமல் வரவில்லை என்று குழு தெளிவாகச் சொன்னது. தடயத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மேலே சொல்லத் தயங்கியவர்களும் இருந்தார்கள். ஜூலை 4 அன்று தரவுத்தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர், வழக்கத்துக்கு மாறான கோரிக்கைகள் ஓடுவதைக் கண்டு நிறுத்தியிராவிட்டால் இன்னும் எவ்வளவு போயிருக்கும் என்று தெரியாது. அந்த ஒருவருக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது.

இனி யார் தண்டிக்கப்பட்டார்கள் என்று பாருங்கள். சுகாதாரத் துறையின் கணினிக் கட்டமைப்பை நடத்திவந்த நிறுவனம் இரண்டு ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. தலைமை நிர்வாகி உட்பட ஐந்து உயர் அதிகாரிகளுக்குப் பணத் தண்டனை விதித்தது. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் போட்டது. ஆக மொத்தம் ஒரு மில்லியன் வெள்ளி. கவனக்குறைவுக்குத் தண்டனை கொடுத்தது சரியே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திருடியவர்மீது ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. தாக்கியது யாரென்று தெரியும், தக்க நடவடிக்கை எடுத்தாயிற்று, நாட்டு நலன் கருதிப் பெயரை வெளியிடப் போவதில்லை என்ற பொருளில் அன்றைய தொடர்பு, தகவல் அமைச்சர் எஸ். ஈஸ்வரன் பேசினார். 2019 மார்ச்சில் சைமன்டெக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 'வொயிட்ஃபிளை' என்று தான் பெயரிட்ட ஒரு கும்பலே இதைச் செய்தது என்றது. அது எந்த நாட்டுக் கும்பல் என்று அந்த நிறுவனமும் சொல்லவில்லை.

நம்மிடம் சட்டம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1993லிருந்தே கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் இருக்கிறது. குற்றம் செய்தவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், எங்கே உட்கார்ந்து செய்திருந்தாலும் இங்கே விசாரிக்க அது இடம் தருகிறது. அத்தியாவசியக் கணினிகளில் கை வைத்தால் 20 ஆண்டு வரை சிறை. ஏட்டில் இருக்கும் இந்தக் கடுமை யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை. தண்டனை எவ்வளவு கொடியது என்பதைக் காட்டிலும் அது எவ்வளவு நிச்சயமானது என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்கரியா 1764லேயே எழுதினார். பிடிபடவே மாட்டோம் என்று நம்புகிறவனுக்கு 20 ஆண்டும் ஒன்றுதான், 200 ஆண்டும் ஒன்றுதான்.

பெயர் சொல்லி வழக்குப் போடுவது என்ற வழியை முதலில் எடுத்த நாடு அமெரிக்கா. 2014 மே 19 அன்று, சீன மக்கள் விடுதலைப் படையின் 61398ஆம் பிரிவைச் சேர்ந்த ஐந்து அதிகாரிகள்மீது குற்றப்பத்திரிகை வெளியிட்டது. வழக்குத் தொடுத்த இடம் பிட்ஸ்பர்க், பழைய எஃகு நகரம். வெஸ்டிங்ஹவுஸ், யு.எஸ். ஸ்டீல், அல்கோவா போன்ற நிறுவனங்களும் எஃகுத் தொழிலாளர் சங்கமும் பாதிக்கப்பட்டவர்கள். சீருடை அணிந்த படங்களோடு சுவரொட்டி ஒட்டினார்கள். ஐவரில் ஒருவரும் இன்றுவரை அமெரிக்க நீதிமன்றத்தில் நின்றதில்லை.

ஆனாலும் அதற்கு அடுத்த ஆண்டு ஒன்று நடந்தது. 2015 செப்டம்பரில் அதிபர் ஒபாமாவும் அதிபர் சி ச்சின்பிங்கும், வணிக இலாபத்துக்காகத் தொழில் இரகசியங்களைத் திருட மாட்டோம் என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். சீனாவிலிருந்து வந்த ஊடுருவல்கள் 2014 நடுப்பகுதியிலிருந்தே கணிசமாகக் குறைந்துவிட்டன என்று 2016 ஜூனில் ஃபயர்ஐ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. வழக்குப் போட்டால் பயன் உண்டு என்று வாதிடுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் விரல் வைப்பார்கள். அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. காலம் பொருந்தி வருகிறது.

ஆனால் அதே காலத்தில் வேறு என்னென்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். வழக்குக்கு ஓராண்டு முன்பே, 2013 பிப்ரவரியில், அந்தப் பிரிவின் கட்டடத்தையே படம்பிடித்து மாண்டியன்ட் நிறுவனம் அம்பலப்படுத்திவிட்டது. சீனாவில் ராணுவச் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தது. உடன்பாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் வாஷிங்டன் பொருளாதாரத் தடை விதிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. எது எதனால் என்று பிரித்துச் சொல்லவே முடியாத ஒரு கூட்டு அழுத்தம் அது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலை ராணுவத்தின் கையிலிருந்து அரசுப் பாதுகாப்பு அமைச்சின் கைக்குப் போனது. அமைச்சோ ஒப்பந்த நிறுவனங்களை முன்னால் நிறுத்தியது. 2018 டிசம்பரில் அமெரிக்கா வழக்குத் தொடுத்த இருவரும் அப்படியொரு நிறுவனத்தின் பேரில் இயங்கியவர்கள். 2024 பிப்ரவரியில் 'ஐ-சூன்' என்ற சீன ஒப்பந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்தபோது, விலைப்பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் சம்பளம் போதவில்லை என்ற ஊழியர்களின் புலம்பலும் சேர்ந்தே வெளிவந்தன. இந்தியக் குடிநுழைவுத் தரவு அவர்கள் கையில் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ராணுவ அதிகாரிமேல் வழக்குப் போட்டால் அரசாங்கம் திருட்டை விடுவதில்லை. திருடும் ஆளை மாற்றிக்கொள்கிறது.

ஏன் விடுவதில்லை என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 59ஆம் அதிகாரம். ஒற்று வைத்துக்கொள்வதை அரசனின் கடமைகளில் ஒன்றாகவே வள்ளுவர் வைக்கிறார். கொலை, களவு போன்றவற்றோடு சேர்த்துப் பேசவில்லை. உலகத்து அரசுகள் இன்றும் அப்படித்தான் நினைக்கின்றன. பன்னாட்டுச் சட்டமும் உளவை வெளிப்படையாகத் தடை செய்யவில்லை. ஒரு நாட்டின் நீதிமன்றம் குற்றவாளி என்று அழைக்கிறவரை அவருடைய நாடு ஊழியர் என்று அழைக்கிறது, சம்பளம் தருகிறது, பதவி உயர்வும் தருகிறது. தன் ஊழியனின் பெயர் எதிரியின் குற்றப்பத்திரிகையில் வந்ததற்காக எந்த அரசாங்கமும் வெட்கப்படுவதில்லை.

வெட்கப்படவே வழியில்லாத அரசாங்கங்களும் உண்டு. சோனி பிக்சர்ஸ் தாக்குதல், பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து 81 மில்லியன் அமெரிக்க டாலர் திருட்டு, 'வானாக்ரை' என்ற பிணைப்பணத் தீநிரல் ஆகிய மூன்றுக்காகவும் 2018 செப்டம்பரில் வட கொரியர் ஒருவர்மீது அமெரிக்கா வழக்குப் போட்டது. 2021இல் இன்னும் இருவரைச் சேர்த்தது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற மின்னாணயச் சந்தையிலிருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் டாலரை அடித்துக்கொண்டு போனவர்களும் வட கொரியர்களே என்றது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவின் ஆறு அதிகாரிகள்மீது 2020 அக்டோபரில் வழக்கு வந்தது. 2022இல் அதே பிரிவின் கும்பல் உக்ரேனின் மின்கட்டமைப்பை நிறுத்தப் பார்த்தது. பயந்தவர்கள் செய்யும் வேலையா இது?

பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே பிடிபட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சீன அரசுப் பாதுகாப்பு அமைச்சின் அதிகாரி ஷு யான்ஜுன், விமான எஞ்சின் இரகசியங்களைப் பெற ஒருவரைச் சந்திக்கப் போனபோது 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தில் கைதானார். அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு 2022இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். யாஹூ ஊடுருவல் வழக்கில், ரஷ்ய உளவுத்துறைக்காக மின்னஞ்சல் கணக்குகளை உடைத்துக் கொடுத்த இளைஞர் கனடாவில் வாழ்ந்ததால் அகப்பட்டார். அவருக்கு வேலை கொடுத்த ரஷ்ய அதிகாரிகள் ரஷ்யாவில் இருந்ததால் அமெரிக்காவின் கைக்கு எட்டவில்லை. கோவிட் ஆய்வுகளைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு சீனர் 2025 ஜூலையில் மிலான் விமான நிலையத்தில் இறங்கிய இடத்தில் கைதானார்.

புறநானூற்றில் இளந்தத்தன் என்ற புலவரின் கதை வருகிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குப் போனவரை ஒற்றன் என்று எண்ணி, அவனுடைய பகைவன் நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். புலவர் கோவூர் கிழார் பாடி மீட்டார். அந்தப் பாட்டைக் கவிதையாகவே படித்துப் பழகியிருக்கிறோம். அரசியலாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. மாற்றான் கோட்டைக்குள் கால் வைத்தவன் மட்டுமே அகப்படுவான். அவனுடைய முடிவு பெரும்பாலும் விசாரணையால் அமைவதில்லை, இரண்டு தரப்புக்கும் இடையே நின்று பேசுகிறவரால் அமைகிறது. இன்றும் அப்படியே. 20 ஆண்டு தண்டனை பெற்ற ஷு யான்ஜுன் 2024 நவம்பரில் கைதி மாற்றத்தில் சீனா திரும்பிவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி நடந்த பெரிய பரிமாற்றத்தில், அமெரிக்கச் சிறைகளில் இருந்த இரண்டு ரஷ்ய இணையக் குற்றவாளிகள் மாஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் 2014இல் மாலத்தீவில் பிடிபட்டு 27 ஆண்டு தண்டனை பெற்றவர். அரசாங்கம் நம்மை மீட்டு வந்துவிடும் என்று தெரிந்த பிறகு சிறைக்கு யார் அஞ்சுவார்கள்?

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்திருப்பதாக இந்தியக் கணினி அவசரநிலைக் குழு தகவல் கொடுத்தது. பொதுமக்களுக்கு இது தெரிந்தது அக்டோபர் கடைசியில், இணையத்தில் ஒருவர் சொன்ன பிறகு. அக்டோபர் 29 அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுப்பு வந்தது. மறுநாளே, நடந்தது உண்மை, உலையை இயக்கும் கட்டமைப்பு பாதிக்கப்படவில்லை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்தத் தீநிரல் 'டிட்ராக்'. வட கொரியாவின் லாசரஸ் கும்பலோடு வல்லுநர்கள் தொடர்புபடுத்தும் கருவி அது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இணையப் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை உண்டு. வெளிநாட்டில் இருந்து செய்தாலும் அது குற்றமே என்ற பிரிவும் உண்டு. கூடங்குளத்துக்காக எந்த வெளிநாட்டவரும் இந்திய நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் உலையின் நிழலில் வாழும் மக்களுக்கு அந்த ஒரு நாள் மறுப்பு எவ்வளவு அவநம்பிக்கையைச் சேர்த்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வழக்கு இல்லாமல் போனதைவிட, உண்மை பிந்தி வந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். ஆள் கைக்கு எட்டினால் நம் சட்டம் தயங்குவதில்லை. 2013இல் 'மெசையா' என்ற பெயரில் அங் மோ கியோ நகர மன்றம் உள்ளிட்ட இணையத்தளங்களைத் தாக்கிய சிங்கப்பூரர் கோலாலம்பூரில் பிடிபட்டார். மலேசியா ஒப்படைத்தது. 2015 ஜனவரியில் நான்கு ஆண்டு எட்டு மாதச் சிறைத் தண்டனை. 2024 செப்டம்பர் 9 அன்று ஏறத்தாழ 160 அதிகாரிகள் தீவெங்கும் ஒரே நேரத்தில் சோதனை நடத்தி, ஆறு சீன நாட்டவரையும் ஒரு சிங்கப்பூரரையும் கைது செய்தார்கள். கைப்பற்றிய கணினிகளில் 'பிளக்எக்ஸ்' என்ற தீநிரல் கிடைத்தது. அரசுகளின் ஆதரவு பெற்ற கும்பல்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் கருவி அது. வெளிநாட்டு அரசாங்க அதிகாரிகளின் மின்னஞ்சல்களும் கிடைத்தன. ஆனால் அந்த வழக்கில் சொல்லப்பட்டது குற்றக் கும்பலின் வேலை. உளவு என்று சொல்லப்படவில்லை. 2025 நவம்பரில் மூவருக்கு இரண்டு ஆண்டு நான்கு மாதத்துக்குச் சற்று அதிகமான சிறை கிடைத்தது. அவர்களை அமர்த்தியதாகச் சொல்லப்பட்டவர் அந்தக் கைதுக்கு ஓராண்டு முன்பே இங்கிருந்து போய்விட்டார். இங்கேயும் ஏவியவர் இல்லை.

மலேசியாவிலும் இதே காட்சிதான். 2020 செப்டம்பரில் சீனக் கும்பல் ஒன்றோடு தொடர்புடையதாக ஏழு பேர்மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. ஐந்து சீனர்கள் அகப்படவில்லை. பேராக் மாநிலத்துச் சித்தியவானில் இருந்த இரண்டு மலேசியத் தொழில்முனைவர்கள் கைதானார்கள். இந்திய அரசாங்கத்தின் வலையமைப்புகளிலும் அந்தக் கும்பல் புகுந்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது.

இதிலிருந்து வழக்கின் உண்மையான பயன் ஒன்று புலப்படுகிறது. பெரிய அரசாங்கத்தை அது அசைக்காது. ஓரத்தில் நின்று உதவுகிறவர்களை அசைக்கும். ஒப்பந்த நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பட்டதாரி, இடைத்தரகர், சர்வர் வாடகைக்குத் தருகிறவர், பணத்தை மாற்றித் தருகிறவர் ஆகியோருக்கு ஒரு குடும்பம் இருக்கும், பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கும் ஆசை இருக்கும். பெயர் ஒருமுறை குற்றப்பத்திரிகையில் ஏறிவிட்டால், பாதி உலகத்தின் விமான நிலையங்கள் அவருக்கு மூடிக்கொள்கின்றன. அந்த அச்சம் ஆயிரத்தில் சிலரையாவது இந்த வேலைக்கு வராமல் தடுக்கும் என்று நம்புகிறேன். திருட்டை நிறுத்த அது போதாது. இருந்தாலும் பயன் இல்லாமல் இல்லை.

இன்னொரு பயன், ஆவணம். நல்ல குற்றப்பத்திரிகை எந்தத் தேதியில், எந்த வழியாக, எந்தக் கருவியோடு புகுந்தார்கள் என்று விரிவாகச் சொல்கிறது. மற்ற நாடுகளின் காவலர்கள் அதைப் படித்துத் தங்கள் கதவுகளைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு நடந்தது என்ன என்று நீதியின் மொழியில் ஒரு பதில் கிடைக்கிறது. இந்த இரண்டாவது பயனை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

அப்படியானால் சிங்கப்பூரும் பெயர் சொல்லி வழக்குப் போட வேண்டுமா? 2025இல் இது நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் போனது. 2025 ஜூலை 18 அன்று தேசியப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சர் கா. சண்முகம், 'யுஎன்சி3886' என்ற கும்பல் நம் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்கிக்கொண்டிருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். சந்தேகத்துக்குரிய இத்தகைய தாக்குதல்கள் 2021க்கும் 2024க்கும் இடையில் நான்கு மடங்குக்கும் மேல் கூடியிருப்பதாகவும் சொன்னார். நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கும்பலைச் சீனாவோடு தொடர்புடையது என்று மாண்டியன்ட் முன்பே வகைப்படுத்தியிருந்தது. சீனத் தூதரகம் உடனே மறுத்தது. 2026 பிப்ரவரியில், சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா ஆகிய நான்கு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் அந்தக் கும்பல் குறிவைத்ததை அரசாங்கம் அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பாதுகாப்பாளர்கள் பல மாதங்கள் போராடி அவர்களை அடக்கியதாகவும் சொன்னது.

கும்பலின் பெயர் உண்டு, நாட்டின் பெயர் இல்லை, வழக்கும் இல்லை. கோழைத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2013 முதல் சீனா நம் மிகப் பெரிய வர்த்தகப் பங்காளி. பாதுகாப்பில் அமெரிக்காவோடு நெருக்கம். சாங்கி வழியாக எல்லா நாட்டவரும் போகிறார்கள். மிலானில் நடந்த கைது நாளை இங்கே நடக்கலாம். ஒரு வல்லரசு, இந்தப் பயணியைப் பிடித்துக் கொடு என்று கேட்கும். இன்னொரு வல்லரசு, தொடாதே என்று சொல்லும். வழக்கு ஒருவழிப் பாதையாகவும் இருக்காது. 2025 ஏப்ரலில் சீனாவின் ஹார்பின் நகரக் காவல்துறை, ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைத் தாக்கியதாக அமெரிக்க உளவு அமைப்பின் மூவரைப் பெயர் சொல்லித் தேடப்படுவோராக அறிவித்தது. இரண்டு பெரியவர்களும் ஒருவர்மேல் ஒருவர் குற்றப்பத்திரிகை வீசிக்கொள்ளும் காலத்தில், சின்ன நாடு தன் நீதிமன்றத்தை அந்தச் சண்டைக்குள் இழுத்துவிடக் கூடாது. நம் நீதிமன்றத்தின் மதிப்பே, அது தொடுத்த வழக்கை முடித்துக் காட்டும் என்பதில் இருக்கிறது. யாரும் வந்து நிற்கப் போவதில்லை என்று தெரிந்தே தொடுக்கும் வழக்குகள் அந்த மதிப்பைத் தேய்க்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. நம் மண்ணில் கால் வைத்தவர் யாராக இருந்தாலும், எந்த அரசாங்கத்தின் நிழலில் வந்தாலும், வழக்குப் போடுங்கள். தயங்க வேண்டாம். எட்டாத இடத்தில் இருப்பவர்மேல், பயமுறுத்தலாம் என்ற நம்பிக்கையில் வழக்குப் போட வேண்டாம். அந்த உழைப்பைச் சோமப்பா சாலையில் நடக்கும் வேலையில் போடுங்கள். சிங்ஹெல்த் தரவுத்தளத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடியவை நல்ல மறைச்சொல், உடனே மேலே சொல்லும் துணிவு, சந்தேகப்பட்ட ஊழியரின் பேச்சைக் கேட்கும் மேலதிகாரி. நம் பிள்ளைகள் பலர் பல்துறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இணையப் பாதுகாப்புப் படிக்கிறார்கள். இரவுப் பணியில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். ஏதோ சரியில்லை என்று அவர்கள் சொல்லும்போது, தவறாக இருந்தாலும் பரவாயில்லை, சொன்னது நல்லது என்று பாராட்டும் அலுவலகங்கள் நமக்கு வேண்டும்.

வழக்குப் போடாத அரசாங்கத்துக்கு ஒரு கடமை கூடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வழக்கு நடந்திருந்தால் சாட்சியங்கள் நீதிமன்றத்தில் வெளிவந்திருக்கும். வழக்கு இல்லையென்றால் அவற்றை மக்களுக்குத் தர வேறு வழி வேண்டும். மேக்னஸ் குழு அமைச்சரிடம் கொடுத்த முழு அறிக்கை இரகசியமானது. நாம் படித்தது பொதுமக்களுக்கான பதிப்பு. 2018இல் இரகசியத்துக்குக் காரணம் இருந்தது, ஏற்றுக்கொள்கிறேன். எந்த இரகசியமும் காலவரையின்றி நீளக் கூடாது. அடையாள அட்டை எண்ணையும் முகவரியையும் மருந்துப் பட்டியலையும் இழந்தவர்கள் 1.5 மில்லியன் பேர். அவர்களில் வயதானவர்கள் பலர், யார் எடுத்தார்கள் என்று தெரியாமலே மறைந்திருப்பார்கள்.

2028 ஜூலையில் அந்தத் திருட்டுக்குப் பத்து ஆண்டு நிறைகிறது. அதற்குள் முழு அறிக்கையில் வெளியிடக் கூடிய பகுதிகளை வெளியிட வேண்டும் என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மக்களைச் சந்திக்கும் நேரத்தில் போய்க் கேளுங்கள், கடிதமாகவும் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதினாலும் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.